சிவந்த கல்லெல்லாம் சிதைந்த கல் இல்லை: ஜியாலஜி படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

எம்.எஸ்சி. இரண்டாம் செமஸ்டர் வைவாவில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கல்லைக் கையில் கொடுத்தார். ஓட்டை ஓட்டையாக, செங்கல் நிறத்தில் இருந்த எரிமலைக் கல், ஸ்கோரியா. "இது ஏன் சிவப்பு?" என்றார். "வெதரிங் சார்" என்றேன். தின் செக்‌ஷனை (ஒளி ஊடுருவும்படி தேய்த்த மெல்லிய கல் சீவல்) மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர்நிறக் கனிமம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. "மழையிலும் வெயிலிலும் சிதைந்த கல்லில் ஃபெல்ட்ஸ்பார் மட்டும் எப்படிம்மா கலங்காமல் இருக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த லீவில் பாலக்கோடு பக்கம் பெரியப்பா போட்ட நாட்டுச்சூளைக்குப் போயிருந்தேன். பிரித்த சூளையில் உடைந்து கிடந்த செங்கல் ஒன்றை எடுத்தால், ஓரமெல்லாம் நல்ல சிவப்பு, நடுவில் கருப்பு. "காத்து பட்ட எடம் செவந்துடும் கண்ணு, படாத எடம் கறுத்தே கெடக்கும்" என்றார். செங்கல் மண்ணில் கரியும் இருக்கும் என்பதால் ஒப்புமை முழுக்கச் சரியில்லை. ஆனாலும் எனக்கு வழி திறந்தது அங்கேதான். எரிமலை வாயருகே விழுந்த துண்டு 600 டிகிரிக்கு மேல் கனன்றுகொண்டிருக்கும்போதே அதில் காற்றும் வாயுக்களும் புகுந்துவிடுகின்றன. இரும்பு ஃபெரஸிலிருந்து, இன்னொரு எலக்ட்ரானையும் இழந்த ஃபெரிக்காக மாறி, சிவப்பு இரும்பு ஆக்சைடான ஹெமடைட்டாகப் பொடிப்பொடியாகக் கல் முழுக்கப் பரவுகிறது. ஆறுவதற்குள்ளேயே சிவந்துவிட்ட கல் அது.

அதனால் சொல்கிறேன், 'ஆல்டரேஷன்' (கனிமம் மாறிப்போவது) என்று ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். சூட்டில் நடந்தது இடப்பக்கம், ஆறிய பிறகு நடந்தது வலப்பக்கம்.

பச்சைக் கனிமமான ஆலிவின் சூட்டில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நுண்ணிய ஹெமடைட்டோ, காந்தமுள்ள இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டோ பிரியும், கூடவே பைராக்சின் என்ற இன்னொரு சிலிகேட் கனிமம் வரும். அதில் தண்ணீர் கிடையாது. அதே ஆலிவின் நீர் சேர்ந்து மாறினால் வருவது இடிங்சைட்; அது களிமண் கனிமமும் கோத்தைட் என்ற நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடும் கலந்தது. இரண்டும் செம்பழுப்பாகத் தெரிவதால்தான் பலர் இங்கே மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

ஹைட்ராக்சில் (OH) கொண்ட கனிமமான ஹார்ன்பிளண்ட் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஆக்சிஜனேற்றம் என்றால் வெளியிலிருந்து ஆக்சிஜன் வந்தே ஆகவேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இங்கே வருவது எதுவும் இல்லை, போவதுதான் உண்டு. ஹைட்ராக்சிலில் இருக்கும் ஹைட்ரஜன் வெளியேறுகிறது, அந்த மின்சுமையைச் சரிக்கட்ட ஃபெரஸ் ஃபெரிக்காகிறது. பச்சை ஹார்ன்பிளண்டை ஆய்வகத்தில் சுமார் 800 டிகிரிக்குச் சூடாக்கினாலே செம்பழுப்பு ஆக்சிஹார்ன்பிளண்ட் ஆகிவிடும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் ஆண்டிசைட் என்ற எரிமலைப் பாறையின் தின் செக்‌ஷனில் பார்க்கும் அந்த நிறம் மறக்காது.

அடுத்து டைட்டானியம் கலந்த மேக்னடைட்டான டைட்டனோமேக்னடைட். இதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டாம். கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கருப்பு கிரானைட் என்று வெட்டுவது பெரும்பாலும் டோலரைட் டைக், அதாவது பாறை வெடிப்பில் புகுந்து உறைந்த கருநிறப் பாறை. மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் உறைந்ததால் சிவப்பு கிடையாது. ஆனால் குவாரியில் கழித்துப் போட்ட துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, லேபில் பாலிஷ் போட்டு ரிஃப்ளெக்டட் லைட்டில் பாருங்கள். பழுப்புச் சாயல் கொண்ட சாம்பல் நிற மேக்னடைட்டுக்குள் மெல்லிய இல்மனைட் (இரும்பு-டைட்டானியம் ஆக்சைடு) தகடுகள் முக்கோண வலை மாதிரி பின்னியிருக்கும் மணிகள் கண்ணில் படலாம். மைக்ராஸ்கோப்பின் இரண்டு போலரைசர்களைக் குறுக்கே வைத்து (கிராஸ்டு நிகால்ஸ்) மேடையைச் சுற்றினால் மேக்னடைட் இருண்டே இருக்கும், இல்மனைட் மட்டும் மின்னி மறையும். 600 டிகிரிக்கு மேல் நடந்த ஆக்சிஜனேற்றம் விட்டுப்போன தடயம் அது. ஆக்சிஜனேற்றம் இன்னும் முற்றினால் சூடோபுரூக்கைட் என்ற ஃபெரிக்-டைட்டானியம் ஆக்சைடும் ஹெமடைட்டும் வரும். வலைக்குப் பதில் வளைந்த வெடிப்புகள் தெரிந்தால் அது குறைந்த சூட்டில் மேக்னடைட் ஆக்சிஜனேறி உண்டான மேக்ஹெமைட், அதை வலப்பக்கம் எழுதுங்கள். டைட்டானியம் இல்மனைட்டுக்குப் போய்விடுவதால் மீதி மேக்னடைட் தூய்மையாகிறது, கியூரி வெப்பநிலை (நிலைத்த காந்தத்தன்மை போய்விடும் சூடு) 580 டிகிரியை நெருங்குகிறது. பேலியோமேக்னடிசம் (பாறையில் பதிந்த பழங்காலக் காந்தப்புலம்) கேள்விக்கும் இதே படம்தான் உதவும்.

பாறையில் ஆக்சிஜன் அளவைக் கட்டிவைக்கும் கனிமக் கூட்டுகளான பஃபர்களின் வரிசையை ஒடுக்கத்திலிருந்து ஆக்சிஜனேற்றத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இரும்பு-வுஸ்டைட், குவார்ட்ஸ்-ஃபயலைட்-மேக்னடைட், நிக்கல்-நிக்கல் ஆக்சைடு, மேக்னடைட்-ஹெமடைட்.

கேட் (GATE) தேர்வில் 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். எண் விடை கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, அதனால் கணக்கை விடாதீர்கள். இரண்டு மூலக்கூறு ஃபெரஸ் ஆக்சைடின் எடை 143.7. அது ஒரு மூலக்கூறு ஃபெரிக் ஆக்சைடு ஆனால் 159.7. அதாவது 1.111 மடங்கு. ஒரு பசால்ட்டில் 10 சதவீதம் ஃபெரஸ் ஆக்சைடு, 0.6 சதவீதம் நீர், ஆவியாக வேறெதுவும் இல்லை என்று வையுங்கள். உலையில் முழுக்க ஆக்சிஜனேற்றம் ஆகும்வரை சுட்டால் நீரால் 0.6 குறையும், ஆக்சிஜனால் 1.11 கூடும். எரிப்பு இழப்பு, அதாவது சுட்டதில் குறைந்த எடை, மைனஸ் 0.51 சதவீதம். இழப்பு எப்படி மைனஸில் வரும் என்று பயந்து நான் ஒருமுறை சரியான விடையை அடித்துவிட்டேன். நீங்கள் அடிக்காதீர்கள்.