ஒன்றாம் வகுப்புக்கு யாரு டீச்சர்?

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 38 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள். நாலாவதையும் ஐந்தாவதையும் ஹெச்.எம். பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், ஒரே அறையில்.

போன வருஷம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ‘மரம்’ என்ற சொல்லைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். விரலை வைத்து “ம... ர... ம்” என்று பிசகில்லாமல் சொன்னான். “சேர்த்துச் சொல்லுப்பா” என்றேன். பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு “வேப்பமரம் டீச்சர்” என்றான். மூன்று எழுத்தும் தெரிகிறது. மூன்றும் சேர்ந்தால் ஒரு சொல் என்பது தெரியவில்லை. இரண்டரை வருஷமாக என் கண்ணெதிரேதான் உட்கார்ந்திருக்கிறான். டிசம்பரில்தான் எனக்குத் தெரிகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

40 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 13 நிமிடம். வகுப்பில் ஒன்பது பேர் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூட வராது. ஹெச்.எம். கூட்டத்துக்குப் போகிற நாளில் ஐந்து வகுப்பும் எனக்குத்தான்.

நான் வேலைக்கு வந்த புதிதில் செயல்வழிக் கற்றல் இருந்தது. பிள்ளைகள் தாங்களே எடுத்துச் செய்யும் பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி, அவர்கள் எட்டி எழுதும்படி தரையை ஒட்டிய கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். எனக்கு ரொம்பப் பிடித்த முறை அது. 2022-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. எந்த வகுப்பில் இருந்தாலும் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தர வேண்டும். இதுவும் நல்ல யோசனைதான். ஆனால் மூன்று வகுப்பை மூன்று நிலையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உட்கார ஆள் வேண்டாமா? போதாததற்கு வருகைப்பதிவும் மதிப்பீடும் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னலுக்காக நான் வாசலில் நிற்கும் நேரமும் அந்தப் பிள்ளைகளுடையதுதான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. அதில் தலையைத்தான் எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. காகிதத்தில் எங்கள் பள்ளியில் ஆசிரியருக்கு 19 பிள்ளைகள். பார்ப்பவர்களுக்குச் சொகுசாகத் தெரியும்.

சின்னப் பள்ளிகளைப் பெரிய பள்ளியோடு இணைத்துவிடலாம் என்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை மெயின் ரோட்டைத் தாண்டித் தினமும் போய்வருமா?

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று கேட்க எனக்கும் ஆசைதான். செலவு அதிகம் என்பது தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எத்தனை பேர் சேர்ந்தாலும் சரி, ஒன்றாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர். எழுத்துக் கூட்டிப் படிப்பது அங்கே பிடிபட்டுவிட்டால், மேல் வகுப்புகளைச் சேர்த்து வைத்துச் சமாளித்துவிடலாம். அங்கே தவறவிட்டால் அப்புறம் எந்தத் திட்டம் வந்தாலும் அந்தப் பிள்ளை படத்தைத்தான் பார்க்கும்.

அந்தப் பையனோடு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 20 நிமிடம் உட்கார்ந்தேன். கல், பல், கண், மண் என்று இரண்டெழுத்துச் சொற்களில் தொடங்கினோம். நாலாவது நாள் ‘பல்’ அட்டையைப் படித்துவிட்டு, தானாகவே தன் பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். பிப்ரவரி முடிவதற்குள் சின்னச் சின்ன வாக்கியங்கள் வந்துவிட்டன.

அவன் அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். கூட்டத்தில் நான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்ததும், “அப்ப ஒண்ணாவதுக்கு யாரும்மா டீச்சரு?” என்று கேட்டார்.

“நான்தான்மா. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நானேதான்.”

அன்றைக்கே தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள். காலையில் முதல் அரை மணி நேரம் அவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன். மற்ற இரண்டு வகுப்பும் அதுவரை எழுதிக்கொண்டிருக்கின்றன.