பதினைந்து நொடிக்குள் ஒரு பந்து

மூன்று மணி நேரமானாலும் நாலு மணி நேரமானாலும் கடைசி ஆள் அவுட்டாகும் வரை பேஸ்பால் முடியாது. கடிகாரத்துக்கு இடமே இல்லாத அந்த விளையாட்டில், 2023 சீசன் முதல் கடிகாரத்தை வைத்துவிட்டார்கள். பந்து வீசும் பிட்சர் கையில் பந்து வந்ததும் அது ஓட ஆரம்பிக்கும். பேஸில், அதாவது ஓடி வந்து நிற்கும் மூலையில், ஆள் இல்லாவிட்டால் 15 நொடி, இருந்தால் அந்த 2023 சீசனில் 20 நொடி. அதற்குள் வீசத் தொடங்காவிட்டால் மட்டை பிடிக்கும் பேட்டர் பக்கம் ஒரு 'பால்' சேரும்; நாலு சேர்ந்தால் அவர் முதல் பேஸுக்குப் போய்விடலாம். பேட்டரும் 8 நொடி மிச்சமிருக்கும்போதே தயாராக நிற்க வேண்டும். தவறினால் அவர் மீது ஒரு ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் அவுட். டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்த எனக்கு ஆட்டத்தின் நிதானம் உயிர். அது போய்விடுமோ என்ற கவலையோடுதான் அந்த ஆண்டு மார்ச் 30 அன்று சிகாகோவில் ரெட் லைன் ரயிலேறி அடிசனில் இறங்கினேன்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரிக்லி ஃபீல்டு. 1914ல் திறந்த மைதானம், குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவிலேயே நிற்கிறது. எதிர்வரிசை வீடுகளின் மொட்டை மாடியிலும் இருக்கை போட்டு ஆட்டம் பார்க்கிறார்கள். படங்களில் பச்சைப் பசேலென்று பார்த்திருந்த ஐவிக் கொடி, இந்த மாதத்தில் செங்கல் சுவரோடு ஒட்டிய வெறும் குச்சிகள்தான். சென்டர் ஃபீல்டு பக்கம் 1937ல் வைத்த ஸ்கோர்போர்டுக்கு உள்ளே ஆட்கள் இருந்து, எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார்கள். மிச்சிகன் ஏரிக் காற்று எலும்புவரை போகிறது. கூரை நிழலில் இடம் கிடைத்தால் ஒரு ஸ்வெட்டர் கூடுதலாக வேண்டும்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் மடியில் ஸ்கோர் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மைதானம் போலக் குட்டி வைர வடிவம், ஓடிக் கடந்த பேஸுக்கெல்லாம் கோடு. ஸ்ட்ரைக் அவுட் என்றால் 'கே'. மட்டையை வீசாமலே அவுட்டானால் அதே 'கே'யைத் திருப்பிப் போடுகிறார். முன்பெல்லாம் எழுதி முடித்துவிட்டுப் பக்கத்தில் நாலு வார்த்தை பேசவும் நேரமிருக்குமாம். "இப்போது தலை நிமிர்ந்தால் அடுத்த பந்து வந்துவிடுகிறது" என்றார். ஆனால் குறையாகச் சொல்லவில்லை. கண் மைதானத்தை விட்டு அகலவே இல்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் அது நடந்தது. உள்ளூர் அணியான சிகாகோ கப்ஸின் பிட்சர் மார்கஸ் ஸ்ட்ரோமன் மில்வாக்கி புரூவர்ஸின் கிறிஸ்டியன் யெலிச்சுக்கு வீச வேண்டும். இரண்டாவது பேஸில் ஆள். ஸ்ட்ரோமன் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நேரம் போய்விட்டது. அம்பயர் கையைத் தூக்கி, மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகின் வழக்கமான சீசனில் கடிகாரத்துக்குக் கிடைத்த முதல் தண்டனை அதுதான். சுற்றிலும் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவே. ஸ்ட்ரோமன் கலங்காமல் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். கப்ஸுக்குப் புதிதாக வந்த டான்ஸ்பி ஸ்வான்சன் மூன்று ஹிட் அடித்தார். 4-0 என்று ஜெயித்ததும் ஸ்கோர்போர்டின் மேல் வெற்றிக்கொடி ஏறியது.

எல்லாம் இரண்டரை மணி நேரத்துக்குள். குறைந்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். கையுறையைக் கழற்றி மாட்டுவதும், பேட்டர் பெட்டியை விட்டு வெளியே போய் உலாத்துவதும்தான். பிட்சரும் பேட்டரும் ஒருவரையொருவர் கணிக்கும் அந்த மௌனம் அப்படியே இருக்கிறது. இன்னும் இறுகியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். அதே நாளில் பாஸ்டனில் ரஃபேல் டெவர்ஸ் கடிகாரத்தாலேயே ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அதுமட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு பேட்டரைப் பந்துதான் வீழ்த்த வேண்டும்.

கடிகாரத்தைவிட எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பேஸிலிருப்பவரை மடக்க, பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறை மட்டுமே தண்டனை இல்லாமல் முயலலாம். ஓடுகிறவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியினர் முதல் நாளே ஐந்து பேஸ் திருடினார்கள், அதாவது பேட்டர் அடிக்கக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்கள். வேகமான கால்களுக்கு மறுபடி மதிப்பு வந்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 3 அன்று ஹயவாதா ரயில் பிடித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கி. புரூவர்ஸ் சொந்த ஊரில் ஆடும் முதல் நாள் இங்கே ஊர்த் திருவிழா. கார் நிறுத்துமிடம் முழுக்க அடுப்புப் புகை. கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சாசேஜ் சுடுகிறார்கள். ஜெர்மானியர் வந்து குடியேறிய ஊர், பீர் காய்ச்சும் ஊர். அணியின் பெயரும் அதனால்தான். ஆறாவது இன்னிங்ஸில் சாசேஜ் வேஷம் போட்ட ஐந்து பேர் மைதானத்தைச் சுற்றி ஓட, மொத்தக் கூட்டமும் தன் சாசேஜுக்குக் கத்துகிறது.

ரிக்லியில் மேஜர் லீக் அறிமுகம் கண்ட பிரைஸ் டுராங் என்ற பையனை மனத்தில் குறித்து வைத்திருந்தேன். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அவர் அடித்த பந்து வேலிக்கு வெளியே போனது. அவருடைய முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம். அணியின் வேஷக்காரச் சின்னமான பெர்னி புரூவர் மஞ்சள் சறுக்கு மரத்தில் வழுக்கி இறங்க, அறிமுகமில்லாத நாலைந்து பேர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக 10-0. டுராங்கின் பெயர் போட்ட ஜெர்சி இருக்கிறதா என்று கடையில் கேட்டேன். இன்னும் வரவில்லையாம்.