வெள்ளிக்கிழமை வயித்துவலி

என் மேசை லாச்சியில எப்பவும் ஒரு சித்தாலேப தைல டப்பா கிடக்கும். சின்ன வகுப்பு எடுக்கிற எந்த டீச்சரோட லாச்சிய திறந்தாலும் இருக்கும்னு நினைக்கிறேன். தலைவலின்னு வந்தா நெத்தியில ஒரு தேய்ப்பு, வயித்துவலின்னு வந்தா தொப்புள சுத்தி ஒரு தேய்ப்பு, ஒரு கப் சுடுதண்ணி, போய் உக்காரு. பன்னெண்டு வருஷமா இதுதான் என் ஆஸ்பத்திரி.

போன வருஷம் என் மூணாம் வகுப்புல ஒரு பிள்ளை, பேர் எழுத மாட்டேன். காலையில பாட்டெல்லாம் பாடி நல்லாத்தான் இருக்கும், ஒன்பது மணி தாண்டினா "டீச்சர் வவுறு வலிக்குது, வீட்டுக்குப் போகவா"ன்னு வந்து நிக்கும். தேச்சு விட்டாலும் போகாது. ரெண்டு மூணு தடவை அஞ்சாம் வகுப்பு அக்காவோட அனுப்பி வச்சேன், நாலாவது தடவை எனக்கே எரிச்சல் வந்து "நடிக்காத, போய் கணக்கு செய்"னு கத்திட்டேன். அது ஒண்ணும் சொல்லல, போய் உக்காந்து பென்சில் சீவிகிட்டே இருந்துச்சு, சீவி சீவி பென்சிலே பாதியாப் போச்சு, கணக்கு ஒண்ணுகூட எழுதல. ஸ்டாஃப் ரூம்ல (ஸ்டாஃப் ரூம்னா ஒரு அலுமாரிக்குப் பின்னால நாலு கதிரை, அவ்வளவுதான்) சொன்னப்ப ஒரு சேர் ரெண்டு அடி போட்டா வலி பறந்துடும்னாரு. பிள்ளைகள அடிக்கக் கூடாதுங்கிற 2016ம் வருஷத்து 12ம் இலக்க சுற்றறிக்கை அந்த அலுமாரியிலதான் ஒட்டியிருக்கு, அதுல சாஞ்சுகிட்டுதான் அதைச் சொன்னாரு.

மாசக் கடைசியில வரவு இடாப்பு கூட்டும்போதுதான் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பின நாளெல்லாம் ஓரத்துல பென்சிலால சின்னதா "வீ"ன்னு போட்டு வைப்பேன். அந்தப் பிள்ளையோட எல்லா "வீ"யும் வாரத்தோட கடைசிக் கட்டத்துலயே விழுந்திருக்கு. திங்கள்ல ஒண்ணு இல்ல, புதன்ல ஒண்ணு இல்ல. வெள்ளி, வெள்ளி, வெள்ளி. வயித்துப் பூச்சிக்கு கிழமை தெரியுமா என்ன?

அன்னைக்கு ஸ்கூல் விட்டு நேரா பிள்ளை இருக்கிற தோட்ட லயத்துக்கே (வரிசையா ஒட்டிக் கட்டின சின்ன வீடுகள்) போயிட்டேன். அம்மாயிதான் வளக்குறாங்க, கொழுந்தெடுத்து ரிட்டையரான ஆளு, இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு சாதாரணமா சொல்றாங்க, "வெள்ளிக்கெழமதானே டீச்சரம்மா அவ அம்மா பேசுவா." அம்மா குவைத்ல வீட்டு வேலை. அங்க வெள்ளி லீவுங்கிறதால வீட்டுக்காரங்க லேட்டாத்தான் எந்திரிப்பாங்களாம், அவங்க எழும்ப முன்ன காலை ஏழு மணிக்கு குசினியில நின்னு இமோ ஆப்ல வீடியோ கோல் எடுக்கும். அங்க ஏழுன்னா இங்க ஒன்பதரை. பிள்ளை அப்ப என் கிளாஸ்ல ஏழாம் வாய்ப்பாடு சொல்லிகிட்டு இருக்கும். பகல்ல வீட்டுக்காரங்க முழிச்சிருப்பாங்க, ராத்திரி அந்தம்மா படுக்கிற நேரத்துல இங்க பிள்ளை தூங்கி ரொம்ப நேரமாயிருக்கும், அதனால அம்மாயிதான் பேசி "நல்லா இருக்கா, நல்லா திங்கிறா"ன்னு சொல்லி வச்சிடுவாங்களாம்.

2022ல, காஸ், மண்ணெண்ணெய், பால்மா எல்லாத்துக்கும் லைன்ல நின்னோமே அந்த வருஷம் போன அம்மா. 2013லருந்து அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்தா வீட்டு வேலைக்கு வெளிநாடு போக விடாம இருந்தாங்க, குடும்பப் பின்னணி அறிக்கைன்னு ஒண்ணும் குடுக்க வேண்டியிருந்துச்சு. டொலர் இல்லாமப் போன 2022லதான் அந்த அஞ்சை ரெண்டாக் குறைச்சாங்க. அப்ப இந்தப் பிள்ளைக்கு நாலரை வயசு. அந்த விதி நல்லதா கெட்டதான்னு எனக்கு இப்பவும் ஒரு முடிவுக்கு வர முடியல, போகாம இருந்திருந்தா அந்த வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்காது, அது எனக்கே தெரியும்.

நடிப்புன்னு கத்தினேன்ல, அதுதான் இன்னும் உறுத்துது. அது நடிப்பே இல்ல. பயமோ ஏக்கமோ வந்தா உடம்பு ஓடுறதுக்குத் தயாராகுது, இரத்தம் கை காலுக்குப் போகுது, வயித்துக்குக் குறையுது, குடல் இறுகிப் பிடிக்குது, வலி நிஜமாவே வலிக்குது. எட்டு வயசுல "எனக்கு அம்மாவ தேடுது"ன்னு கிளாஸ் நடுவுல நின்னு சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும், வவுறு வலிக்குதுன்னுதான் வரும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் குடுக்கிற அன்னைக்கு அஞ்சாம் வகுப்புல பாதிப்பேருக்கு வருதே, அதுவும் இதுதான்.

பிரின்சிபல் சேர்கிட்ட பயந்துகிட்டேதான் கேட்டேன், உடனே சரின்னுட்டாரு. இப்ப வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு என் போனுக்கு கோல் வரும், வெளி விறாந்தையில பத்து நிமிஷம். முதல் நாள் ரெண்டு பேரும் பேசவே இல்ல, ஒருத்தர ஒருத்தர் பார்த்துகிட்டே இருந்தாங்க, பிறகு பிள்ளை கொப்பிய தூக்கி கெமராகிட்ட வச்சு "ஸ்டார் பாருங்க"ன்னுச்சு. அதுக்குப் பிறகு வயித்துவலி டக்குனு நிக்கல, அப்படியெல்லாம் நிக்காது, ரெண்டு மூணு வெள்ளி கோல் முடிஞ்ச பிறகு அழுதுச்சு. ஆனா உக்காந்து கணக்கு செய்யுது.

ஒண்ணு சொல்லணும், எல்லா வயித்துவலியும் மனசு இல்ல. வெறும் தேத்தண்ணியோட வர்ற பிள்ளைக்கு பத்து மணிக்கு வலிக்கிறது பசி. டொய்லெட் கதவு பூட்டாதுன்னு காலையிலருந்து அடக்கிகிட்டு இருக்கிற பிள்ளையும் உண்டு. அதெல்லாம் முதல்ல பார்த்துட்டுத்தான் மத்தது.

பிறகு நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்துச்சு. கண்டி, நுவரெலியா, பதுளைன்னு மலை மலையா சரிஞ்சு, நாடு முழுக்க 600 பேருக்கு மேல போனது எல்லாருக்கும் தெரியும். எங்க பிள்ளைகள்ல கொஞ்சப் பேர் கோயில்லயும் பள்ளிக்கூடத்துலயும் படுத்தவங்க. ஜனவரியில ஸ்கூல் திறந்தப்ப (எல்லாரும் நாலாம் வகுப்பு, நானும் கூடவே மேல வந்துட்டேன்) ஒரு பையன் பேக்க கழட்டவே மாட்டேங்கிறான். முதுகுல மாட்டிகிட்டே எழுதுறான், மாட்டிகிட்டே சாப்பிடுறான், விளையாடப் போறதில்ல. ஒரு நாள் எல்லாரும் வெளிய போன பிறகு பக்கத்துல போய் சும்மா உக்காந்தேன், ஒண்ணும் கேக்கல, அவனே திறந்து காட்டினான். சிலிசிலி பேக் (பிளாஸ்டிக் பை) ரெண்டு சுத்தி அவனோட பிறப்புச் சான்றிதழ், தங்கச்சியோடது, அம்மாவோட ஐடென்டிட்டி கார்ட் போட்டோகொப்பி. லயத்த விட்டு ஓடின ராத்திரி அம்மா "பத்திரம் எங்க பத்திரம் எங்க"ன்னு கத்தினாங்களாம். "நான் ஸ்கூல்ல இருக்கப்ப லயம் போயிட்டா என்ன செய்ற டீச்சர்?"

அதெல்லாம் நடக்காதுடான்னு சொல்ல வாய் வந்துச்சு, சொல்லல. 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை தோட்டத்துல மலை சரிஞ்சப்ப, காலையில ஸ்கூலுக்குக் கிளம்பினதால தப்பின பிள்ளைகள் இருந்தாங்க, திரும்பி வந்தப்ப லயம் இல்ல. எங்க மலையில ஒரு பிள்ளைகிட்ட அந்தப் பொய்ய சொல்ல முடியாது. மழை கூடினா யார் எச்சரிக்கை சொல்லுவாங்க, யார் தங்கச்சிய தூக்குவாங்க, எங்க போய் நிக்கணும்னு ரெண்டு பேரும் கொப்பியில படம் கீறினோம். பேக்க மடியில வச்சுக்கன்னேன். ஒரு மாசத்துல கதிரைக்குப் பின்னால தொங்குச்சு, மழை இருட்டினா மட்டும் மறுபடி முதுகுக்குப் போகும். போகட்டும்.

இரவு தூக்கத்துல கத்துற, சாப்பிடாம மெலியிற பிள்ளைக்கு என் கொப்பிப் படம் பத்தாது. எங்க மாதிரி அஞ்சாம் வகுப்போட முடியிற சின்ன ஸ்கூல்ல ஆலோசனைக்குன்னு தனியா ஆசிரியர் இல்ல, ஆனா ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் இருக்கு, காசு கேக்க மாட்டாங்க, அங்க போனா பைத்தியம்னு பேர் வந்துடும்னு பயப்படாதீங்க. 1926க்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தோடது. பிள்ளைய யாராவது துன்புறுத்துறாங்கன்னா 1929.

போன வியாழக்கிழமை அந்த வெள்ளிக்கிழமைப் பிள்ளை வயித்த பிடிச்சுகிட்டு வந்துச்சு. வியாழன்! கோல் நேரம் மாறிப்போச்சா, அம்மாவுக்கு எதாவதான்னு எனக்கு பதறிப்போய், பக்கத்துல உக்கார வச்சு தலைய தடவி மெதுவா கேட்டேன், "மனசுல என்னம்மா இருக்கு, டீச்சர்கிட்ட சொல்லு."

"மனசுல ஒண்ணும் இல்ல டீச்சர்"ங்குது, "பின்னால மரத்துல பச்சப் பேரிக்கா, அஞ்சு தின்னுட்டேன்."

சித்தாலேப எடுத்து தேச்சு விட்டேன்.