அரியர் நோட்டும் நெட் தேர்வும்

ஆலங்குளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா பீடி சுற்றுவாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலியெல்லாம் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டே எனக்குக் கணக்கு வரும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன்.

கால்குலஸுக்கு அடிப்படையான ரியல் அனாலிசிஸ் வகுப்பில் விடை என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் 'நிறுவுக'. தமிழ்வழியில் படித்துவிட்டுப் போனவனுக்கு அதுவும் ஆங்கிலத்தில். எந்த எப்சிலானைக் கொடுத்தாலும் அதற்கேற்ற டெல்டா உண்டு என்பார் சார். யார் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது? கேட்கக் கூச்சம். கைடு வாங்கி நிரூபணங்களைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்தேன். தேர்வில் நடுவில் ஒரு வரி மறந்தது, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் போச்சு. அரியர்.

சீனியர் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். தேற்றத்தைப் படித்ததும் நிரூபணத்துக்கு ஓடாதே, முதலில் அதை உடைக்கப் பார் என்றார். "வகையிட முடிஞ்ச சார்பு தொடர்ச்சியா இருக்கும், சரி. திருப்பிச் சொன்னா உண்மையாலே?" என்று கேட்டுவிட்டு |x| வரைந்து காட்டினார். 0-இல் ஒடிகிறது, அதனால் அங்கே வகையிட முடியாது. ஆனால் அறுபடவில்லை, தொடர்ச்சிதான். அப்புறம் 1/n. உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போகின்றன, ஆனால் 1 + 1/2 + 1/3 என்று கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகைக்கு எல்லையே இல்லை. உறுப்பு சிறுத்தால் தொடர் ஒருங்கிவிடும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

எதிர் உதாரணங்களுக்கென்றே ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் எந்த இடத்தில் சரிகிறது என்று தெரிந்த பிறகு, நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. எப்சிலானும் அப்போதுதான் பிடிபட்டது. அது 'இவ்வளவு நெருக்கத்தில் வா பார்ப்போம்' என்று எதிராளி விடும் சவால், டெல்டா என்னுடைய பதில். அரியர் முடிந்தது.

எம்.எஸ்சி. அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். தென்காசி ரோட்டிலேயே இருப்பதால் பஸ்ஸுக்குக் கஷ்டமில்லை. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு தேர்வு இருப்பதும், அதைப் பி.எஸ்சி. இறுதியாண்டிலேயே எழுதலாம் என்பதும் எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இன்னும் உறுத்துகிறது.

பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட், கல்லூரியில் பாடம் எடுக்கும் தகுதிக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தேர்வு. அதில் 'சி' பகுதிதான் ஆளைச் சாய்ப்பது. ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண், 20 கேள்விக்கு விடை எழுதலாம். தவறுக்குக் கழிப்பதில்லை. ஆனால் சரியான விடை ஒன்றுக்கு மேல் இருக்கலாம், எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். முதல் இரண்டு தடவையும் ஒவ்வொன்றாக நிரூபிக்கப் போய் நேரத்தை விட்டேன். மூன்றாவது தடவை பழைய அரியர் நோட்டோடு உட்கார்ந்தேன். தேர்வில் ஒவ்வொரு விடையையும் உடைக்கப் பார்த்தேன், உடையாததைக் குறித்தேன். உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்ய ஜே.ஆர்.எஃப். வேண்டும், அது தவறிவிட்டது.

கூடப் படித்தவர்களில் ஒருவன் வங்கியில், ஒருவன் குரூப் 4 எழுதி அரசு அலுவலகத்தில். அவர்களுக்கு அனாலிசிஸ் எதற்கும் உதவவில்லையாம். சென்னையில் டேட்டா வேலை பார்க்கிறவள் மட்டும், பைத்தான் தனியாகக் கற்க வேண்டியிருந்தது, ஆனால் லீனியர் அல்ஜீப்ரா தினமும் வருகிறது என்கிறாள்.

நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சம்பளத்தைக் கேட்டுவிட்டு அம்மா, "இதுக்காலே இம்புட்டுப் படிச்ச?" என்றாள். பி.எட். கையில் இருப்பதால் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். பாடத்துக்கு 110 கேள்வி, அதைப் பார்த்துக்கொள்ளலாம். கல்வியியல் 30 இருக்கிறதே, அதில் உடைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. மறுபடியும் மனப்பாடம்தான், செய்யுள் மாதிரி.