தர்மாஸ்பத்திரி

என் அப்பத்தா இருந்தவரை அரசு மருத்துவமனையைத் தர்மாஸ்பத்திரி என்றுதான் சொன்னார். மதுரைப் பக்கத்தில் அவர் வயதுக்காரர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். காசு வாங்காமல் வைத்தியம் பார்ப்பது தர்மம்தானே என்பது அவர்களுடைய கணக்கு. அந்தச் சொல்லில் நன்றி இருந்தது. கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. தர்மம் செய்கிறவரிடம் போய், நேற்று கொடுத்த மருந்து இன்று ஏன் இல்லை என்று கேட்பது முறையாகாது. கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் பேருந்து பிடித்து ஊருக்குத் திரும்ப வேண்டும்.

கட்டுப்படியாகும் செலவில் மருத்துவம் பெறுவது மனித உரிமையா என்ற கேள்வியை யார் எழுப்பினாலும் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளாகச் சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. சித்தியோடு துணைக்குப் போய் அந்த வார்டின் வெளிவராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த நேரம் கொஞ்சமில்லை. இந்தக் கேள்வியைப் பற்றி நான் படித்தவற்றில் பாதி அங்கே படித்ததுதான்.

இந்திய அரசியல் சாசனத்தில் மருத்துவ உரிமை என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று 47ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறிகளில் வருவதால், அதைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைகள் பிரகடனம் தன் 25ஆவது பிரிவில் உணவு, உடை, உறைவிடத்தோடு மருத்துவத்தையும் சேர்த்திருக்கிறது, அதுவும் பிரகடனம்தான். கடைசியில் உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது பிரிவின் வழியாகத்தான் நம் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை உரிமைக்குள் கொண்டுவந்தது.

அந்த வழியில் முக்கியமான ஒரு வழக்கு மேற்கு வங்கத்தைச் சேர்ந்தது. 1992 ஜூலையில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். முதலில் கொண்டுபோன ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. அங்கிருந்து கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியும், படுக்கை இல்லை, கருவி இல்லை என்று எங்குமே சேர்த்துக்கொள்ளவில்லை. முடிவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் சார்ந்திருந்த பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி என்ற சங்கம் வழக்குத் தொடர, 1996இல் தீர்ப்பு வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறுவது 21ஆவது பிரிவை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்றும் சொன்ன நீதிமன்றம், அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இதைப் படித்தபோது வந்த நிம்மதி, அடுத்து படித்த வழக்கில் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசனம் மருத்துவ உரிமையை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்றும் அதன் 27ஆவது பிரிவு சொல்கிறது. அதை நம்பி 1997இல் டர்பனில் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். சூப்ரமணி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அறியப்படும் அந்த வழக்கின் பெயரே நம்மைச் சற்று நிறுத்திவிடுகிறது. 41 வயது, வேலையில்லை, சர்க்கரை நோய், இதய நோய், இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்த நிலை. கையிலிருந்த பணம் தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டவர், பிறகு டர்பனின் அடிங்டன் அரசு மருத்துவமனையைக் கேட்டார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள். ஒருவருக்கு நான்கு மணி நேரம், பிறகு கழுவித் தயார் செய்ய இரண்டு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே நீடித்த டயாலிசிஸ் என்று விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் அவர் அதில் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் கல்கத்தா சம்பவத்தில் நம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தது. அது திடீர் விபத்து, இது நாள்பட்ட நோய், ஆகவே இது அவசர சிகிச்சைக்குள் வராது என்றது. இருப்பதைப் பங்கிடும் விதி நியாயமானது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார்.

வராந்தாவில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குள் கையை நீட்டிப் படுத்திருந்த சித்தப்பாவைப் பார்த்தேன். அந்தத் தீர்ப்பின் மேல் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் மீண்டும் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. எத்தனை இயந்திரம், எத்தனை மணி நேரம், என்ன விதி, ஏன் அந்த விதி என்று மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்கத்தாவில் கதவு கதவாக ஏறி இறங்கியவருக்கு அன்று அப்படிப் பதில் சொன்னவர் யாருமில்லை. எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று எந்த உரிமையும் வாக்குக் கொடுக்க முடியாது. கிடைக்காதவருக்குக் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்பதைத்தான் நான் உரிமை என்று புரிந்துகொள்கிறேன். டர்பனில் அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அது பதில்தான்.

தமிழ்நாட்டில் கிடைப்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறையைப் பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டன. 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், எவ்வளவு சம்பாதிப்பவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசே ஒரு வரம்பு வரை ஏற்கிறது. சித்தப்பாவின் டயாலிசிஸும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் ஓடுகிறது. அந்த அட்டைக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க நாங்கள் நடந்த நடை தனிக் கதை. இவையெல்லாம் திட்டங்கள். திட்டத்தை ஓர் அரசாணையால் கொண்டுவரலாம்; இன்னோர் அரசாணையால் சுருக்கவும் செய்யலாம். 2023இல் ராஜஸ்தான் மருத்துவ உரிமையைச் சட்டமாகவே இயற்றியது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். அதை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் வீதிக்கு வந்தார்கள். அவசர சிகிச்சை தந்துவிட்டால் பணத்தை யார், எப்போது தருவார் என்ற அவர்கள் கேள்வியை நான் சுயநலம் என்று ஒதுக்க மாட்டேன். உரிமையைக் கொடுத்த அரசு, அதற்கான கட்டணத்தை மருத்துவரின் தலையில் கட்டக் கூடாது. இரவு முழுவதும் விழித்திருக்கும் பயிற்சி மருத்துவரிடம் சண்டை போடுவது உரிமை கேட்பதாகாது. அவருக்குத் துணையாக இன்னொருவரை நியமிக்காதவரிடம்தான் கேட்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு நாள் சித்தப்பாவின் முறை வந்தபோது, இயந்திரம் பழுது, பிறகு வாருங்கள் என்றார்கள். முன்பென்றால் சித்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். அன்று நகரவில்லை. “பிறகு என்றால் எந்த நாள் சிஸ்டர்? அதுவரை இவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதையும் நோட்டில் எழுதிக் கொடுங்கள்” என்று நிதானமாகக் கேட்டார். செவிலியர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து, இரவு எட்டரை மணிக்கு ஓர் இயந்திரம் காலியாகும், காத்திருக்க முடியுமா என்று கேட்டார். நாங்கள் காத்திருந்தோம். கடைசிப் பேருந்து போய்விட்டதால் அன்றிரவு ஆட்டோவுக்குத்தான் 400 ரூபாய் ஆனது.