ஐந்தரை மணி நேரத்துக்காக ஓராண்டு அலைந்தேன்

பழைய நிறுவனம் என் மீது கொடுத்த தரவுத் திருட்டு வழக்கில், சாட்சி விசாரணைக்குப் போகாமலே என்னை விடுவித்த உத்தரவின் சான்றிட்ட நகல் போன வாரம்தான் கைக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நல்ல பிள்ளையாக எழுதிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, பழைய அலுவலகத்தில் எனக்குக் கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிரவு 10.50-க்கு நான் என் பழைய பயனர் பெயரில் சர்வருக்குள் நுழைந்து வாடிக்கையாளர் பட்டியலைப் பதிவிறக்கம் செய்துவிட்டேன் என்று நிறுவனம் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-உடன் (அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது, தரவு எடுப்பது) இணைந்த 66, கூடவே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(4), அதாவது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி.

அந்தக் ‘கூடவே’யில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரிவு 66-க்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 316(4)-க்கு 7 ஆண்டு வரை சிறை. அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. முதல் தகவல் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது பிரிவைத்தான். ஊழியர் மீதான தரவுத் திருட்டு வழக்கொன்றில், செயல் முழுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குள் அடங்கும்போது அதே செயலுக்குப் பொதுத் தண்டனைச் சட்டத்தையும் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் வழக்கறிஞர் போன இடமெல்லாம் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. முதலில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். உதவி ஆய்வாளர் ஒருவர் போனில் அழைத்து, “சின்ன விசாரணைதான் தம்பி, வந்துவிட்டுப் போங்கள்” என்றார். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம் என்ற மிதப்பில் தனியாகப் போனேன். போனை வாங்கிக்கொண்டார்கள். கடவுச்சொல்லைக் கேட்டார்கள், சொன்னேன். மூன்று பக்க வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அன்று மாலை வழக்கறிஞரைப் பார்த்தபோது அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வீட்டுப் பத்திரத்தைக் கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பீர்களா?” என்றார்.

போனில் அழைத்தால் பணிவாகவே எழுத்துமூல நோட்டீஸ் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)-ல் அதற்கு வழி இருக்கிறது. விசாரணையில் காவல்துறையிடம் சொல்வதைச் சாட்சிகளுக்கான வாக்குமூலமாக எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்திட வேண்டிய அவசியமே இல்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தே தீர வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். போனை எடுத்தால் மகஜர் (கைப்பற்றிய பொருளின் பட்டியல்) நகலில் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண், உள்ளிருக்கும் தரவு மாறினால் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் மதிப்பு இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்னுடையதில் ‘கறுப்பு நிற செல்போன் ஒன்று’ என்று மட்டுமே எழுதியிருந்தது.

போன் போனால் ஓடிபி போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. வங்கி, மின்னஞ்சல் எதற்குள்ளும் நுழைய முடியவில்லை. விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மாற்று சிம் வாங்கினேன். மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. பணிவிடுப்புக் கடிதமெல்லாம் அந்த மின்னஞ்சலுக்குள்தான் கிடந்தது. இந்த லட்சணத்தில் நண்பன் ஒருவன், “வீட்டு லேப்டாப்பில் இருப்பதை எல்லாம் அழித்துவிடு” என்று யோசனை சொன்னான். நல்ல வேளை, கேட்கவில்லை. இல்லாத குற்றத்துக்குப் பயந்து அழித்திருந்தால் சாட்சியத்தை மறைத்ததாக நியாய சன்ஹிதாவின் 238 என்ற பிரிவு தானாக வந்து ஒட்டியிருக்கும்.

முன்ஜாமீன் கிடைத்தது. இரண்டு வாரம் தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்து. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் மனு, புதிய சட்டத்தில் அதே 482 முன்ஜாமீன். ரத்து செய்வதற்கு இப்போது 528. இந்த எண் குழப்பத்தில் குமாஸ்தா ஒருமுறை மனுவைத் தலைகீழாகத் தட்டச்சு செய்துவிட்டார். ஒரு நாள் வீண்.)

எட்டு மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகை. ஆஜரான 14 நாளுக்குள் நகல்கள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு மூன்றாவது வாய்தாவில் கிடைத்தது. அதில் சர்வர் பதிவு என்று இருந்தது ஏ4 தாளில் எடுத்த பிரிண்ட் அவுட். நேரம் 22:50:41. என் பெயர். கோப்பின் பெயர். அதற்கு வலப்புறம் இருந்த கட்டங்கள் தாளில் இடம் போதாமல் அறுபட்டிருந்தன.

புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் நிபுணர் கையெழுத்திட வேண்டிய இரண்டாம் பகுதி காலியாக இருந்தது. வழக்கே முடிந்துவிட்டது என்று துள்ளினேன். “துள்ளாதீர்கள், நீதிமன்ற விசாரணை முடிவதற்குள் அவர்கள் சரியான சான்றிதழைக் கொண்டுவந்துவிடலாம். இதை மட்டும் நம்பி விடுவிப்புக் கேட்க முடியாது” என்று வழக்கறிஞர் தண்ணீர் ஊற்றினார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த அறுபட்ட கட்டங்கள். குற்றப்பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ‘பென் டிரைவ் 1’ என்று ஒரு வரி இருந்தது.

பெஞ்ச் கிளார்க் மேலே நிமிரவே இல்லை. “பென் டிரைவ் சான்றுப் பொருள், ஆவணம் இல்லை. பொருளுக்கு நகல் கிடையாது.” கத்தி, கம்பு வரிசையில் அதையும் வைத்துவிட்டார். மெமரி கார்டில் இருக்கும் பதிவும் ஆவணமே என்று பி. கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி அந்த வழக்கில் நகல் தராமல் பார்வையிட மட்டுமே அனுமதித்தார்கள். வாடிக்கையாளர் பட்டியலைப் பதிவிறக்கிய நேரத்தில் யாருடைய அந்தரங்கம் இருக்கிறது? மனுப் போட்டோம், நடுவர் அனுமதித்தார். புது பென் டிரைவோடு போன முதல் நாள், அதை நகலெடுக்கத் தெரிந்தவர் விடுப்பு. இரண்டாம் நாள், முத்திரையை உடைக்க நடுவரின் தனிக் குறிப்பு வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் கிடைத்தது.

இதற்குள் இன்னொரு கத்தி தலைக்கு மேல் தொங்கியது. நகல்கள் கிடைத்த 60 நாளுக்குள் விடுவிப்பு மனுப் போட வேண்டும் என்று இப்போது காலக்கெடு இருக்கிறது. காகித நகலை வாங்கிய அன்றே, ‘அனைத்து நகல்களும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியின் கீழ், ‘மின்னணு நகல் பெறவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடச் சொன்னார் வழக்கறிஞர். கிளார்க் முறைத்தார். இந்த ஓராண்டில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதுவும் இன்னொருவர் சொல்லிச் செய்தது.

பென் டிரைவில் இரண்டு கோப்புகள். ஒன்று பிரிண்ட் எடுத்த எக்செல். மற்றொன்று சர்வரிலிருந்து நேரடியாக எடுத்த சிஎஸ்வி, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. அதே வரி, அதே கோப்பு, ஆனால் நேரம் 17:20:41+05:30.

அந்த ‘+05:30’ என்பது, இது ஏற்கெனவே இந்திய நேரம்தான், யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை விட ஐந்தரை மணி நேரம் கூடுதல் என்பதற்கான குறிப்பு. நிறுவனத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கூட்டல் கணக்காக எடுத்துக்கொண்டு இன்னொரு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறார். மாலை 5.20-க்கு, பொறுப்பை ஒப்படைப்பதற்காக என் இருக்கையில் உட்கார்ந்து நான் எடுத்த கோப்பு, இரவு 10.50-க்குத் திருடிய கோப்பாகிவிட்டது. நொடி மட்டும் மாறவில்லை, இரண்டிலும் 41. அறுபட்ட கட்டத்தில் இருந்த ஐபி முகவரி? புகார் மனுவில் அவர்களே தங்களுடையது என்று குறிப்பிட்டிருந்த அலுவலக இணைப்பு. எழுந்து கத்தினேன்; பக்கத்து அறையிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டார்.

விடுவிப்பு மனுவில் நம்முடைய ஆவணங்களைக் காட்ட முடியாது, 2004-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. என் பணிவிடுப்புக் கடிதம், நுழைவு அட்டை ரசீது எதுவும் அங்கே செல்லாது. ஆனால் பென் டிரைவ் அவர்களே தாக்கல் செய்தது. அதனால்தான் வழக்கறிஞர் அதற்காக அப்படி மல்லுக்கட்டினார் என்று அன்றுதான் புரிந்தது.

விடுவிப்பு மனு மீதான விசாரணை பதினைந்து நிமிடம்கூட நடக்கவில்லை. அரசு உதவி வழக்கறிஞர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முடிவை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். வேலையில் இருந்த நேரத்தில், அலுவலக இணைப்பிலிருந்து, கொடுக்கப்பட்ட அனுமதியோடு நுழைந்தது ‘அனுமதியின்றி’ ஆகாது. 43 இல்லாமல் 66 நிற்காது. மோசடிக்கும் அடிப்படை இல்லை. உத்தரவின் சாரம் இவ்வளவுதான்.

போன் இன்னும் வரவில்லை. உத்தரவில் கைப்பற்றிய பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று சொத்துப் பிரிவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குத் தனி மனு, தனி வாய்தா. ‘கறுப்பு நிற செல்போன் ஒன்று’ என்னுடையதுதான் என்று நிரூபிக்க, கடையில் வாங்கிய ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.