மஞ்ச கலர்ல ஏதோ ஒன்னு

டேட்டிங் ஆப் வச்சிருக்கறவங்களுக்கு இது தெரியும். காசு கட்டலைன்னா நம்மள லைக் பண்ணது யாருன்னு காட்ட மாட்டான், ஆனா பண்ணிருக்காங்கன்னு மட்டும் நல்லா காட்டுவான், தண்ணி பட்டு ஊறுன மாதிரி ஒரு போட்டோ, மேல ஒரு நம்பர். எனக்கு அந்த நம்பர் 7. அதுல ஒன்னு மட்டும் மஞ்சளா இருந்துச்சு. மஞ்ச சேலைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். போன தூர வச்சு பாக்கறது, கண்ண சுருக்கி பாக்கறது, பிரைட்னஸ் ஏத்தி பாக்கறதுன்னு ஒரு மாசம் ஓடுச்சு. 33 வயசு ஆளு பண்ற வேலையா இது.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி கட்டிட்டேன். ஒரு மாசம்னா 899, ஆறு மாசம் எடுத்தா மாசத்துக்கு 399 தான்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான், மொத்தம் 2,394ங்கறது கீழ எறும்பு சைஸ்ல. நான்தான் பெரிய கணக்குப்புள்ளையாச்சே, ஆறு மாசம் எடுத்தேன்.

படம் தெளிஞ்சுது. சூரியகாந்தி. தென்காசி பக்கத்துல சுந்தரபாண்டியபுரம் தோட்டத்துல எல்லாரும் போய் நின்னு போட்டோ எடுப்பாங்கல்ல, அதே தான், படம் முழுக்க பூ, ஓரத்துல கட்டவிரல் அளவுக்கு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஒரு பொண்ணு. ஊரு திருநெல்வேலி. எப்பவோ ஒரு நாள் கோயமுத்தூர் வந்தப்ப என்ன லைக் பண்ணிருப்பாங்க போல. ஹாய் போட்டேன், இன்னும் பதில் இல்ல. மிச்சம் ஆறுல ரெண்டு பாலக்காடு (ஆப்ல தேடற தூரத்த 80 கிலோமீட்டர்னு வச்சா இங்க அப்படித்தான், பாதி மலையாளம் வரும், அது என் தப்பு), ஒன்னுல இன்ஸ்டா ஐடி தவிர வேற எதுவுமே இல்ல, மத்தவங்க ஆப் பக்கம் வந்தே பல மாசம் ஆன மாதிரி இருந்துச்சு.

எங்க ஊர்ல ஒரு தரகர் இருந்தாரு, மஞ்சப்பைல ஜாதகக் கட்டு வச்சுக்கிட்டு டிவிஎஸ் 50ல வருவாரு. காபி குடிப்பாரு, பெட்ரோலுக்குன்னு 100 ரூவா வாங்கிக்குவாரு, பெரிய காசு நிச்சயம் ஆனப்புறம்தான். அதனால மனுஷன் எப்படியாவது முடிச்சு வைக்கத்தான் பாப்பாரு, பொய் சொல்லியாவது. ஆப்காரனுக்கு எனக்கு ஒருத்தி அமைஞ்சிட்டா அன்னையோட ரெண்டு கஸ்டமர் போச்சு. அமையாம இருக்கணும், ஆனா அமையவே அமையாதுன்னு நான் எந்திரிச்சும் போயிடக்கூடாது. அந்த நடு எடத்துல உக்கார வச்சுதான் மாசாமாசம் எடுக்கறான்.

ஹிஞ்ச்னு ஒரு ஆப், டெலிட் பண்றதுக்குன்னே டிசைன் பண்ணதுன்னு விளம்பரம் பண்றான். டிண்டர், ஓகேகியூபிட் எல்லாம் வச்சிருக்கற மேட்ச் குரூப்போடது தான் அதுவும். அதுல நல்லா லைக் விழற ப்ரொஃபைல்ல இருந்து சிலத எடுத்து ஸ்டாண்ட்அவுட்ஸ்னு தனியா ஒரு எடத்துல வச்சிருவான், அவங்கள்ட்ட பேசணும்னா ரோஸ் குடுக்கணும், வாரத்துக்கு ஒரு ரோஸ் ஓசி, அதுக்கு மேல காசு. இதுக்கு ரோஸ் ஜெயில்னே பேரு வச்சிட்டாங்க. எங்க பூ மார்க்கெட்ல காதலர் தினத்தன்னைக்கு கூட காசு குடுத்தா ரோஜாப்பூன்னு ஒன்னு கைக்கு வரும்ங்க.

இதவிட எரிச்சல் வந்தது டிண்டர் கதைய படிச்சப்ப. 2015ல டிண்டர் பிளஸ்னு காசு கட்டற சந்தா கொண்டு வந்தப்ப அமெரிக்கால 30 வயசுக்கு கீழ இருந்தா 9.99 டாலர், 30 ஆயிட்டா 19.99. அப்படியே டபுள். கலிஃபோர்னியால கேஸ் போட்டு, 2018ல அப்பீல் கோர்ட் இது வயச வச்சு பாகுபாடு பாக்கறதுன்னு சொல்லுச்சு. முப்பது தாண்டுன பையன்னு எங்க சொந்தக்காரங்க பேசாத பேச்சில்ல, ஆனா அதுக்கு ரேட்டு ஏத்துனது இவன் தான்.

என் கூட வேலை செய்யற ஒரு பொண்ணு அவ போன காட்டுனா, லைக் 99 பிளஸ்னு நிக்குது. திறந்தா பாதி பேரு காசு கட்டி வந்த என்ன மாதிரி ஆளுங்க தான், அவ அத சலிச்சு எடுக்க ஃபில்டர் வாங்கணுமாம். எனக்கு பஞ்சம்னு காசு, அவளுக்கு குப்பைன்னு காசு.

கோவத்துல ஆப்ப டெலிட் பண்ணேன். டெலிட் பண்ணா சந்தாவும் போயிரும்னு நெனச்ச மடையன் நான், அது பிளே ஸ்டோருக்குள்ள போய் தனியா கேன்சல் பண்ணணும். பண்ணல. ஆறு மாசம் கழிச்சு காலைல டீ குடிச்சிட்டு இருக்கறப்ப பேங்க் மெசேஜ், மறுபடி 2,394. கேன்சல் பண்றத கஷ்டமாக்கி வச்சிருக்கான்னு மேட்ச் குரூப் மேல அமெரிக்க அரசாங்கத்தோட எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2019ல போட்ட கேஸ்லயும் ஒரு புகார் இருந்துச்சு, கடைசில 2025ல 1.4 கோடி டாலர் கட்டறோம்னு முடிச்சுக்கிட்டாங்க. நம்ம 2,394க்கு யாருட்ட போறது.

காசு போச்சேன்னு திரும்ப இன்ஸ்டால் பண்ணேன், கடவுள் மேல சத்தியமா காசு போச்சேன்னு மட்டும் தான். அப்பா பக்கத்துல உக்காந்து மேட்ரிமோனி பாத்துட்டு இருந்தாரு. அவரு தனியா மூணு மாச பேக்கேஜ் கட்டிருக்காரு, இத்தன போன் நம்பர் தான் பாக்கலாம்னு கணக்காம், அதனால ரேஷன் மாதிரி ஒவ்வொன்னா திறந்து வரவு செலவு நோட்டுல எழுதி வச்சிருக்காரு, அம்மா சரின்னு சொல்லாம ஒன்னுத்துக்கும் கூப்பிடறதில்ல. ரெண்டு பேரும் ஒரே சோபாவுல, ஒரே வேலைய, தனித்தனியா காசு கட்டி பண்ணிட்டு இருக்கோம்.

ஆப் திறந்துச்சு. பழைய அக்கவுண்ட்ல லாகின் ஆகல போல, காசு கட்டுனது ஏறல, மறுபடி மங்கல் படம், இப்ப நம்பர் 11. அப்பா எட்டிப் பாத்துட்டாரு.

"ஏன் கண்ணு, பொண்ணு போட்டோவா? ஒன்னுமே தெரிய மாட்டிங்குது."

"அது அப்படித்தான் இருக்குமுங்ப்பா."

அவரு கண்ணாடிய கழட்டி, வேட்டி நுனில நல்லா தொடச்சு, மாட்டிட்டு மறுபடி குனிஞ்சாரு. "அந்தப் பச்சை கலர்ல நிக்கறது யாரு?"